திண்ணைப் பெரியவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று நாம் செய்கிற முதல் காரியம், ஒன்றாம் வகுப்பில் எத்தனை தலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான். இவ்வாண்டு ஆறு தலைகள் இருந்தன. எண்ணுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆறில் ஒன்று ஓயாமல் அழுது கொண்டிருந்தது. மற்ற ஐந்தும் அதை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தன.

கரும்பலகையில் தேதியை எழுதிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே நோக்கினோம். எதிர்ச்சாரியில் பஜனை மடத்துத் திண்ணையிலும், அதை அடுத்த வேப்ப மரத்தடியிலுமாக ஊர்ப் பெரியவர்கள் வழக்கம்போல் அமர்ந்திருந்தார்கள். எண்ணுகிற பழக்கம் விடவில்லை; அவர்களையும் எண்ணினோம். பதினாறு பேர்!

குளித்தலைக்கு மேற்கே, காவிரித் தென்கரை வாய்க்காலை ஒட்டிய சிற்றூர் நம்முடையது. வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பசுமைக்குக் குறைவில்லை. இருபது வருஷங்களுக்கு முன் நாம் இங்கே உபாத்தியாயராக வந்து சேர்ந்தபோது, ஒன்றாம் வகுப்பில் இடம் போதாமல் பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திண்ணையில் இருந்த கிழவர்கள் நாலைந்து பேர்தான். இன்றைக்குக் கணக்கு அப்படியே மாறிவிட்டது. வாலிபர்கள் கரூருக்கும் திருப்பூருக்கும், சிலர் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். இரண்டு மைல் தூரத்து ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் வண்டி தினந்தோறும் வந்து சில பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் உண்மையே. ஆனால் அந்த வண்டியிலும் வரவர இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று அதன் ஓட்டுநரே நம்மிடம் வருத்தப்பட்டுக் கொண்டார்.

நம் ஊர் ஒன்றுக்கு மட்டும் நேர்ந்துவிட்ட விசித்திரம் என்று நேயர்கள் இதை எண்ணிவிட வேண்டாம். 1941-க்கும் 1951-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் பாரத நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். 2016-20 கணக்கின்படி அது 70 வருஷம். தமிழ்நாட்டிலோ 73-க்குச் சற்று மேல். சுதந்திரம் பெற்ற பின் நாம் சாதித்தது என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஓர் எண்ணைச் சொன்னால் போதாதா? அம்மையும் காலராவும் மலேரியாவும் பிரசவ ஜன்னியும் வாரிக் கொண்டு போன உயிர்களை மீட்டு, மனிதனுக்கு இன்னொரு வாழ்நாளையே கூட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்த இரண்டாவது வாழ்நாளில் அவன் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்க மறந்துவிட்டோம்.

இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம் தொட்டில். ஜனத்தொகை ஏறாமலும் இறங்காமலும் நிலைத்து நிற்க வேண்டுமானால், ஒரு தாய்க்குச் சராசரி 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பிறப்பது 1.4. பெண்கள் படித்தார்கள், உத்தியோகத்துக்குப் போனார்கள், பெற்ற குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. ஆகவே எட்டுப் பெற்று நாலை வளர்த்த பாட்டியின் பேத்தி, ஒன்றே பெற்று அதையே வளர்க்கிறாள். இதில் யாரைக் குறை கூறுவது? ‘பிள்ளை பெறுங்கள், பிள்ளை பெறுங்கள்’ என்று மேடையேறி உபதேசிப்பவர்கள், அந்தப் பிள்ளையை வளர்க்கும் செலவையும் சிரமத்தையும் தாங்களே ஏற்றுக் கொள்வதாகக் கூறினால் அப்போது கவனிப்போம்.

2011-ஆம் ஆண்டு சென்ஸஸின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய சென்ஸஸ் தள்ளிப் போயிற்று. ஆயினும் மத்திய சர்க்கார் நியமித்த நிபுணர் குழு, அவ்வாண்டில் அந்த விகிதம் 13.6 என்றும், 2031-இல் 18.2 ஆகும் என்றும் மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடி முதியோர் விகிதம் மிகுந்த பெரிய ராஜ்யம் நம்முடையதே. பிரான்ஸ் தேசத்தில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஏழு என்ற நிலையிலிருந்து பதினாலு என்ற நிலைக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஜப்பானியர் அதே தூரத்தை 1970-லிருந்து 1994-க்குள், இருபத்து நாலே வருஷத்தில் ஓடிக் கடந்தார்கள். நாம் பிரான்ஸைப்போல் ஆற அமர நடந்து போகவில்லை, ஜப்பானைப்போல் ஓடுகிறோம். ஜப்பானுக்கு ஓடும்போதே கையில் பணம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.

முதுமையில் எல்லோரும் ஒரே படகில் இருப்பதாக நினைப்பதும் பிசகு. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மாதம் முதல் தேதி பென்ஷன் வந்துவிடுகிறது. அவருடைய பெரிய கவலை பொழுது போகவில்லை என்பது. கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளிய கிழவிக்குப் பொழுது போவதில் கஷ்டமில்லை. ‘ஓய்வு’ என்ற சொல்லே அவளுடைய அகராதியில் கிடையாது. கண் தெரிகிறவரை கிள்ளுகிறாள். கண் போனபின் பிறர் கையைப் பார்க்கிறாள். கிழவர்களைவிடக் கிழவிகள் எண்ணிக்கையில் அதிகம். அவர்களில் மிகப் பலர் கணவனை இழந்தவர்கள். வீடும் நிலமும் தம் பெயரில் இல்லாதவர்கள். ஆதரவற்ற முதியோர்க்குச் சென்னை சர்க்கார் 1962-இல் உதவிச் சம்பளம் ஏற்படுத்தியபோது அது மாதம் 20 ரூபாய். 2023-இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். நம் தெருவில் அந்தப் பணம் வருகிற தினத்தில் சில பாட்டிமார்களுடைய நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம். பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் உரிமை திரும்பி வந்த மிடுக்கு அது.

இவ்வளவும் பிறர் வீட்டுச் சமாசாரம். இனி நம் வீட்டுச் சமாசாரம் ஒன்று. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், ஊருக்கு எழுதுகிறவன் தன் வீட்டுக் கதவைச் சாத்திக் கொள்வது நியாயமல்ல.

நம் தகப்பனார் காலஞ்சென்ற பின், தாயார் நம்மோடு வந்து சேர்ந்தார். வயது எழுபத்து நாலு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. வைத்தியர் “கொஞ்சம் ஓய்வு வேண்டும்” என்று சொன்னார். அவர் சொன்னது கொஞ்சம். நாம் கொடுத்தது முழுவதும். அடுப்பங்கரைக்கு ஓர் அம்மாளை அமர்த்தினோம். சாவிக் கொத்தை வாங்கி வைத்தோம். நாற்பது வருஷமாக அவர் எழுதி வந்த பால் கணக்கு நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தோம். அவர் துடைப்பத்தைத் தொட்டால், “அம்மா, நீ சும்மா உட்கார். எல்லாம் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்” என்று ஓடினோம். அதைப் பக்தி என்று எண்ணினோம். தெருவில் நான்கு பேர் “பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!” என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு உள்ளூரப் பூரித்துப் போனோம் என்பதையும் மறைப்பானேன்?

ஆறு மாதம் சென்றது. தாயாருக்குப் பேச்சுக் குறைந்தது. ஞாபகம் தவறியது. பகலில் தூங்கி இரவில் விழித்தார். ஒரு நாள் விடியற்காலையில் பால்காரர் வரும் நேரத்துக்கு வாசற்படியில் வந்து உட்கார்ந்திருந்தார். “ஏன் அம்மா இங்கே?” என்று கேட்டோம். “எங்கே இருந்தால் என்ன? எனக்கு இங்கே வேலை என்ன இருக்கிறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர், இந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று விசாரிப்பதைப்போல் கேட்டார்.

கிழவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. அவர்கள் நமக்குச் செய்யக்கூடியதைப் பற்றிப் பேசுவோர் அரிது. அன்று காலையில்தான் நமக்கு இந்தப் பேதம் உறைத்தது.

மதுரைக்குப் போகிறவர்கள் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பார்கள். அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் வேலையிலிருந்து ஐம்பத்தெட்டாவது வயதில் ஓய்வு பெற்றவர். வாலிபத்திலேயே கடுமையான மூட்டுவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகிக் கொண்டு, தம் வாழ்நாளில் லட்சத்துக்கு மேற்பட்ட கண் சிகிச்சைகள் செய்தார். ஓய்வு பெற்ற 1976-ஆம் ஆண்டில், பதினொரு படுக்கைகளோடு ஒரு வீட்டில் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். வசதியுள்ளோர் கொடுக்கும் கட்டணத்தைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாகச் செய்வது என்று ஏற்பாடு. கண்புரை என்பது பெரும்பாலும் கிழவர்களின் வியாதி அல்லவா? ஆகவே, ஒரு கிழவர் லட்சக்கணக்கான கிழவர்களுக்குப் பார்வை கொடுத்தார் என்று சொல்லலாம். கண்புரையை எடுத்த பின் கிழவிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள், நம் ஊர்க் கொடிக்காலுக்கு வந்து பார்க்கட்டும். மறு மாதமே அவள் வெற்றிலை எண்ணிக் கொண்டிருப்பாள்.

பழைய காலத்து உதாரணமும் ஒன்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சென்னை ராஜதானிக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919-இல். அறுபத்து நாலு வயதாகிவிட்டது, இனிச் சாய்வு நாற்காலிதான் என்று அவர் உட்கார்ந்திருந்தால், 1937-இல் குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்திராது. 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திர’மும் தொடங்கியிராது. 1942-இல் காலமாகும் வரையில் அவருடைய பேனா ஓயவில்லை. ‘மகாவித்துவான்களைக் காட்டிச் சாமானியர்களை மிரட்டாதீர்’ என்று நேயர்கள் சொல்லக்கூடும். நியாயமான ஆட்சேபம். கோயம்புத்தூர் ஜில்லா தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் மகாவித்துவான் அல்லர். மளிகைக் கடையும் இட்டிலிக் கடையும் நடத்திய சம்சாரி. நூறு வயதைக் கடந்தும் தம் நிலத்தில் இறங்கி இயற்கை விவசாயம் செய்தார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2024-இல் காலமானார். எல்லோருக்கும் அந்தத் திடகாத்திரம் வாய்க்காது என்பதும் மெய்தான்.

ஆகவே, திடகாத்திரம் வேண்டாத ஒரு வேலையைப் பார்ப்போம். அந்த வேலைக்கு வேண்டியது ஒரு பெஞ்சி. அதன் மேல் உட்கார ஒரு பாட்டி.

ஆப்பிரிக்காக் கண்டத்திலுள்ள ஜிம்பாப்வே தேசத்தில், கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு மனநோய் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டிக்ஸன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம் பெண், தலைநகருக்கு வர பஸ் கட்டணத்துக்குப் பணமில்லாமல் வீட்டிலேயே இருந்து, தன் உயிரை மாய்த்துக் கொண்டாள். நோயாளி வைத்தியரிடம் வர முடியாவிட்டால் வைத்தியமல்லவா நோயாளியிடம் போக வேண்டும் என்று அவர் யோசித்தார். வைத்தியருக்கு எங்கே போவது? ஹராரே நகரில் ம்பாரே என்ற ஏழைகளின் பேட்டையில் ஊர்ச் சுகாதார வேலை செய்து வந்த பதினாலு பாட்டிமார்கள் இருந்தார்கள். 2006-இல் அவர்களைக் கொண்டே தொடங்கினார். பாட்டிமார்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, வைத்தியசாலைத் தோட்டத்து மரத்தடியில் பெஞ்சிகளைப் போட்டு உட்கார வைத்தார். மனம் உடைந்தவர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது. பாட்டி கேட்க வேண்டியது. கேட்டபின், உள்ள கஷ்டங்களில் ஒன்றை எடுத்துக் கொண்டு அதற்கு வழி தேட இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டியது.

முதலில் அதற்கு ‘மனநலப் பெஞ்சி’ என்று பெயரிட்டாராம் வைத்தியர். ஒருவரும் அண்டவில்லை. பாட்டிமார்கள்தான், “இந்தப் பெயரைக் கேட்டு யார் வருவார்கள்? சிநேகப் பெஞ்சி என்று வையுங்கள்” என்றார்கள். வியாதிக்கும் அவர்கள் சாஸ்திரப் பெயர் சொல்லுவதில்லை. ஷோனா பாஷையில் ‘குஃபுங்கிஸிஸா’ என்பார்கள். ‘அளவு மீறி யோசித்தல்’ என்று அர்த்தம். நம் பாட்டிகள் “சும்மா யோசனை பண்ணிப் பண்ணியே உருகிப் போயிட்டா” என்று சொல்லுவதில்லையா? அதேதான். 2016-இல் இதை முறைப்படி சோதித்துப் பார்த்து, பிரசித்தி பெற்ற அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஐம்பது பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் நீடித்தன. பாட்டியோடு பெஞ்சியில் உட்கார்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினாலு பேருக்குத்தான். நம் ஊர்த் திண்ணையையும் அந்தப் பெஞ்சியையும் மனத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். திண்ணை நம்மிடம் இருக்கிறது. கேட்கப் பொறுமையுள்ள காதுகளும் இருக்கின்றன. அந்தச் சிறிது பயிற்சியும், ‘உங்களால் எங்களுக்கு ஆக வேண்டிய காரியம் இருக்கிறது’ என்று சொல்லும் வாயுமே இல்லை.

ஜப்பானியர் செய்ததும் சுவையானது. ஷிகோகுத் தீவில் காமிகட்ஸு என்ற மலைக்கிராமம்; ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதியவர்கள். 1981-இல் கடுங்குளிர் வந்து அவர்களுடைய ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்துவிட்டது. 1986 முதல், அங்கே விவசாயச் சங்கத்தில் வேலை பார்த்த யோகோயிஷி என்பவரின் யோசனைப்படி, மலையில் தானாக வளரும் இலைகளையும் பூக்களையும் பறித்துப் பட்டணத்து ஹோட்டல்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். தட்டில் பலகாரத்துக்குப் பக்கத்தில் அழகுக்காக ஓர் இலை வைப்பது அந்நாட்டு வழக்கம். இலைக்குக் கனமில்லை, எண்பது வயதுப் பாட்டியும் தூக்கலாம். அந்தப் பாட்டிகள் கம்ப்யூட்டரில் அன்றன்றைய ஆர்டரைப் பார்த்து இலை பறிக்கிறார்கள். இலை வியாபாரத்தைப் பற்றி வெற்றிலை விளையும் ஊர்க்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

சரி, நாம் என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தலைமையாசிரியை அம்மாளின் அனுமதி பெற்று, வெள்ளிக்கிழமை பிற்பகலில் கடைசி ஒரு மணி நேரத்தைத் திண்ணைக்கு ஒதுக்கினோம். திண்ணையிலிருந்து ஒருவர் வந்து தமக்குத் தெரிந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

முதல் வெள்ளிக்கிழமை கொடிக்காலில் ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் வந்தார். வெற்றிலைக் கட்டு ஒன்றைக் கொண்டு வந்து, பேசிக் கொண்டே கவுளி எண்ணிக் காட்டினார். அவருடைய விரல் ஓடிய வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அகத்தியை ஏன் முதலில் நட வேண்டும், கொடியை எந்தப் பக்கமாக அதில் கட்ட வேண்டும், வெயில் எவ்வளவு விழலாம், நிழல் எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கவுளிக்கு நூறு வெற்றிலையானால் முப்பத்தேழு கவுளிக்கு எத்தனை என்று நாம் கேட்டதற்கு, நம்முடைய ஐந்தாம் வகுப்பு மேதைகளுக்கு முன்னால் அவரே விடை சொல்லிவிட்டார். பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நம் முகத்தைப் பார்த்தார்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை வந்தவர் விஷயத்தில் சறுக்கிவிட்டோம். நல்ல கதை சொல்லுவார் என்றுதான் அழைத்தோம். அவர் ஒரு பையனுடைய பெயரைக் கேட்டார். அப்பன் பெயரைக் கேட்டார். எந்தத் தெரு என்று கேட்டார். அதற்குமேல் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. “நீ கொஞ்சம் அந்தப் பக்கமாகப் போய் உட்கார்” என்றார். பையன் எழுந்திருக்கவில்லை. நம்முடைய முகத்தைப் பார்த்தான். வகுப்பு முழுவதும் நம்முடைய முகத்தைப் பார்த்தது. “ஐயா, இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்தான்” என்று சொல்லி, அவரை மரியாதையாக வாசல்வரை கொண்டு போய்விட்டு வந்தோம். மறு நாள் அவர் வீட்டுக்குப் போய், ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. இன்றுவரை நம்மோடு பேசுவதில்லை. பழையவை அனைத்தும் பொன் என்று பாராட்டிக் கொண்டு பெரியவர்களை வகுப்புக்குள் அழைத்து வருவது அபாயம். அவர்களிடம் அரிசியும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. புடைத்து எடுக்கிற முறத்தை நாம் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மூன்றாமவர் பழைய கணக்குப்பிள்ளை. எண்பத்தாறு வயது. பரம்பரைக் கிராம உத்தியோகங்களைச் சர்க்கார் 1980-இல் ஒழித்தபோது வேலை இழந்தவர். அந்த உத்தியோகங்கள் ஒழிந்தது நல்லதே என்பது நம் அபிப்பிராயம். அவரிடமே அதைச் சொன்னோம், “எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, தம்பி, ஆனால் வயலும் வாய்க்காலும் தெரிந்தவனை யாரும் ஒழிக்க முடியாதே” என்று சிரித்தார். அவர் பிள்ளைகளுக்கு முந்திரி, காணி, மா என்று பழைய பின்னங்களைச் சொல்லிக் கொடுத்தார். ஒன்றை முந்நூற்றிருபது கூறாக்கிய முன்னோர்களின் பொறுமையைக் கண்டு பிள்ளைகள் மிரண்டதுதான் மிச்சம்.

அவருடைய உண்மையான பிரயோஜனம் ஐப்பசி மழையில் தெரிந்தது. சாலையை உயர்த்திப் போட்ட பிறகு, பள்ளிக்கூடத்து மைதானத்தில் மழைநீர் முழங்காலளவு தேங்கி நின்றது. மண் வாரும் யந்திரத்தைக் கொண்டு வந்து, ஓரிடத்தில் தோண்டினார்கள், நீர் இறங்கவில்லை. கணக்குப்பிள்ளை குடையும் கைத்தடியுமாக வந்தார். மைதானத்தின் மூலையில், வருஷக் கணக்காகக் குப்பை கொட்டி மேடாகிப் போன ஓரிடத்தைத் தடியால் தட்டி, “வடிகால் இங்கே அல்லவா போகிறது?” என்றார். யந்திரக்காரர் தயங்கினார். தோண்டிப் பார்த்தபோது, நாலடி ஆழத்தில் கல்லால் கட்டிய பழைய கண்வாய் ஒன்று வெளிப்பட்டது. அன்று மாலைக்குள் நீர் வடிந்துவிட்டது. அவருக்கு யாரும் மாலை போடவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை, ஊர் நீர்வழிகளையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் படமாக எழுதிக் கொண்டார்கள். அந்தப் படம் இப்பொழுது பள்ளிக்கூடச் சுவரில் இருக்கிறது. அதில் நாம் அறியாத வாய்க்கால்கள் மூன்று இருக்கின்றன.

இப்படியெல்லாம் எழுதுவதனால், கிழவர்கள் வேலை செய்து பிழைத்துக் கொள்ளட்டும், பிள்ளைகளும் சர்க்காரும் கையைக் கழுவிக் கொள்ளலாம் என்று ஒருவரும் அர்த்தம் செய்துவிடக் கூடாது. உதவி செய்வது வேறு, உழைத்தே தீர வேண்டியிருப்பது வேறு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளும் பாட்டி சந்தோஷமாகச் செய்கிறாளா, வேறு வழியின்றிச் செய்கிறாளா என்று எத்தனை வீடுகளில் கேட்கிறோம்? நமக்குத் தெரிந்த ஒரு பாட்டி, மூன்று பிள்ளைகளின் வீட்டிலும் மாறி மாறி ஆயா வேலை பார்த்துக் கால் வீங்கி வந்து சேர்ந்தாள். அவளுக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை வகுப்பு அல்ல; ஒரு பாயும் தலையணையும்தான்.

வேறொரு பாட்டி, இருந்த ஒரே வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மாட்டுக் கொட்டகையில் வந்து படுத்தாள். 2007-ஆம் ஆண்டில் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், விசாரிக்கும்வரை நமக்கும் சரியாகத் தெரியாது. அச்சட்டப்படி முதியவர்கள் ஆர்.டி.ஓ. தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் தாங்களே மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைத்துக் கொள்ள வேண்டியதில்லை. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும் என்பதைப் படிக்கத் தெரிந்த பேரன் பேத்திகள் தம் பாட்டிமார்களுக்குச் சொல்லட்டும். முதியோர்களுக்கென்றே 14567 என்ற டெலிபோன் எண்ணும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். மேலே சொன்ன பாட்டிக்காக மனு எழுதியது நம் கை. அதை எந்த மேஜையில் கொடுப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று வழி காட்டியவர் திண்ணையில் இருந்த, ஓய்வு பெற்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பதினைந்து வருஷமாக அவர் சீட்டாடிக் கொண்டிருந்தார். இப்பொழுது வாரத்தில் இரண்டு நாள் சீட்டாட்டம் நடப்பதில்லை; பாட்டிமார்கள் காகிதங்களைத் தூக்கிக் கொண்டு அவரைத் தேடி வந்துவிடுகிறார்கள். மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. மகன் கொட்டகைக்குக் கதவு போட்டிருக்கிறான்.

ஒன்றாம் வகுப்பில் அழுது கொண்டிருந்த குழந்தையைச் சொன்னோம் அல்லவா? அது ஒரு மாதம் வரையிலும் அழுதது. பெற்றோர் திருப்பூரில் இருக்கிறார்கள். இங்கே தாத்தா வீட்டில் விட்டிருக்கிறார்கள். ஒரு நாள் அதைச் சமாதானப்படுத்த வழி தெரியாமல், பள்ளிக்கூடத்துக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் நம் வீட்டுக்கு அழைத்துப் போய், தாயார் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மணியடித்த பிறகு போய்ப் பார்த்தால், இருவரும் புளியங்கொட்டையை வைத்துக் கொண்டு பல்லாங்குழி ஆடிக் கொண்டிருந்தார்கள். தாயார் பள்ளத்தில் காய்களைப் போட்டு எண்ணினார். குழந்தையும் கூடவே எண்ணிற்று. பத்துக்கு மேல் அதற்குத் தெரியாது. தாயார் சொல்லச் சொல்லப் பதினேழுவரை வந்துவிட்டது. மறு வாரம் முதல் தாயாரே பள்ளிக்கூடத்துக்கு வரத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் என்பது எங்கள் ஏற்பாடு. திங்கட்கிழமையும் வந்து நிற்கிறார்.

அவருடைய ஞாபகம் முழுவதும் திரும்பிவிட்டது என்று கதை அளக்க மாட்டோம். சில நாட்களில் அந்தக் குழந்தையை நம்முடைய சிறு வயதுச் செல்லப் பெயரைச் சொல்லி அழைக்கிறார். குழந்தையும் “என்ன, பாட்டி?” என்று ஓடி வருகிறது.

பால் கணக்கு நோட்டை அவரே ஒரு நாள் கேட்டார். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். இப்பொழுது மாதக் கடைசியில் கூட்டிப் போட்டுப் பணம் கொடுப்பவர் அவர்தான். சென்ற மாதம் கூட்டலில் பதினேழு ரூபாய் அதிகமாக வந்துவிட்டது. பால்காரர் எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் போய், மறு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் நம்மைக் கண்டு, அந்தப் பதினேழு ரூபாயை நம் கையில் வைத்தார். “பாட்டிகிட்டே சொல்லிடாதீங்க, வாத்தியாரய்யா” என்றார்.